'கிளாக் போச்சு' என்றால் எந்தக் கிளாக்?

பழுதுக்கடை, யாங்கூன்

அனைவருக்கும் வணக்கம். சென்ற வாரம் ஒரு கல்லூரி மாணவி தன் மேசைக் கணினியைக் கடைக்கு எடுத்து வந்தார். அப்பாவும் கூட வந்திருந்தார். அதற்கு முன் வேறொரு கடையில் மூன்று முறை காட்டியிருக்கிறார்கள். முதல் முறை "சீமாஸ் பேட்டரி வீக்" என்று மதர்போர்டில் இருக்கும் காசு வடிவச் செல்லை மாற்றிக் கொடுத்தார்களாம். இரண்டாம் முறை இன்னொரு பேட்டரி. மூன்றாம் முறை, "போர்டில் கிளாக் போச்சு, மதர்போர்டையே மாற்றணும்" என்று விலை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அந்தச் சீட்டை அப்பா என்னிடம் காட்டினார். அந்தப் பணத்தைப் புரட்ட அவர் என்ன பாடுபட வேண்டும் என்று பார்த்தாலே தெரிந்தது.

நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்டேன். நேரம் எவ்வளவு தள்ளிப் போகிறது? "விண்டோஸைத் திறந்தால் ஆறரை மணி நேரம் பின்னால் காட்டுகிறது. எப்போதும் அதே ஆறரைதான்" என்றார் மாணவி. படிப்புக்காக அதே கணினியில் லினக்ஸும் போட்டிருப்பதாகச் சொன்னார். அப்போதே புரிந்துவிட்டது. நம் நாட்டு நேரம் உலகப் பொது நேரத்தைவிட 6 மணி 30 நிமிடம் முன்னால். போர்டில் இருக்கும் கடிகாரத்தில் லினக்ஸ் பொது நேரத்தை எழுதிவைக்கிறது. விண்டோஸ் அதையே உள்ளூர் நேரம் என்று நினைத்துப் படிக்கிறது. மாலை 6.30க்குத் திறந்தால் விண்டோஸில் பகல் 12 மணி. இணையம் வந்து திருத்தும்வரை அப்படியே நிற்கும். செல் தீர்ந்துபோன கணினி இப்படித் துல்லியமாக ஆறரை மணி தள்ளிக் காட்டாது. அது தேதியையே பல வருடம் பின்னால் கொண்டுபோய்விடும். போர்டில் உள்ளூர் நேரத்தையே வைக்கும்படி லினக்ஸில் ஒரு கட்டளை கொடுத்தேன், இரண்டு நிமிட வேலை. பணம் வாங்கவில்லை.

அந்தக் கடைக்காரர்கள் ஏமாற்றினார்கள் என்று நான் நினைக்கவில்லை. அவர்களுக்குத் தெரிந்தது 'கிளாக்' என்ற ஒரே சொல். அந்தச் சொல்லுக்குள் குறைந்தது மூன்று பொருள் கிடக்கிறது. செல் போட்டு ஓடுகிற, தேதி மணி காக்கிற கடிகாரம் ஒன்று. விண்டோஸ், லினக்ஸ் போன்ற இயங்குதளம் தனக்குள் எண்ணிக்கொண்டிருக்கும் நேரம் இன்னொன்று. செயலியையும் மெமரியையும் ஒரே தாளத்தில் நடத்துகிற துடிப்பு மூன்றாவது. அதற்கு மணியும் தெரியாது, கிழமையும் தெரியாது. எது போனாலும் 'கிளாக் போச்சு' என்கிறோம். எது என்று சொல்லாத வரையில் எதை மாற்றுவது என்றும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் மண்டபத்தில் பையன்களுக்கும் பெண்களுக்கும் வன்பொருள் வகுப்பு எடுக்கிறேன். இந்த மூன்றுக்கும் மூன்று பெயர் வைத்துச் சொல்லிக்கொடுக்க ஆசை. நீங்கள் என்ன சொல்கிறீர்கள், எப்படிச் சொல்கிறீர்கள் என்று எழுதுங்கள்.


டல்லா தம்பி

அண்ணே, ஒரு சந்தேகம். சீமாஸ் பேட்டரி, சீமாஸ் கிளாக், பயாஸ் பேட்டரி, பயாஸ் கிளாக் என்று நாலு விதமாகக் கேட்டிருக்கிறேன். நாலும் ஒன்றுதானே? அதில் எது தவறு? பேட்டரியைக் கழற்றினால் பயாஸ் அழிந்துவிடும் என்று ஒருவர் என்னைத் தொடவே விடவில்லை.


பழுதுக்கடை, யாங்கூன்

தம்பி, இதைக் கொஞ்சம் பழைய காலத்திலிருந்து சொன்னால்தான் விளங்கும்.

1981ல் வந்த முதல் ஐபிஎம் பிசியில் தேதி காக்கும் கடிகாரமே இல்லை. போர்டில் 14.31818 மெகாஹெர்ட்ஸ் படிகம், அதாவது சீராக அதிர்ந்து துடிப்பு தருகிற சின்னத் துண்டு, ஒன்று இருந்தது. வண்ணத் தொலைக்காட்சிக்கான அலைவெண் 3.579545 மெகாஹெர்ட்ஸ், அதன் நாலு மடங்கு அது. அதை மூன்றால் வகுத்தால் 4.77, செயலியின் துடிப்பு. பன்னிரண்டால் வகுத்தால் 1.193182, அது 8253 என்ற டைமர் சில்லுக்குப் போனது. டைமர் அதை மேலும் 65,536ஆல் வகுத்து, நொடிக்குச் சுமார் 18.2 முறை செயலியைத் தட்டியது. அந்தத் தட்டல்களை எண்ணித்தான் அன்றைய இயங்குதளமான டாஸ் நேரம் சொன்னது. கணினியை அணைத்தால் எண்ணிக்கை போய்விடும். அதனால்தான் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் டாஸ் தேதியையும் நேரத்தையும் நம்மிடமே கேட்டது. அந்த ஒரு கணினியில் 'கிளாக்' என்று ஒரே சொல்லைச் சொன்னால்கூடப் பெரிய தவறில்லை. எல்லாம் ஒரே படிகத்தில் பிறந்தவை.

1984ல் பிசி ஏடி வந்தபோதுதான் பிரிந்தது. மோட்டரோலாவின் எம்சி146818 என்ற சில்லைப் போட்டார்கள். அதற்குத் தனிப் படிகம், 32,768 ஹெர்ட்ஸ். இரண்டைப் பதினைந்து முறை பெருக்கினால் வரும் எண் அது. பதினைந்து முறை பாதியாக்கிக்கொண்டே போனால் சரியாக நொடிக்கு ஒரு துடிப்பு கிடைக்கும். கைக்கடிகாரத்துக்குள்ளும் இதே படிகம்தான். அந்தச் சில்லில் 64 பைட் நினைவகம் இருந்தது. 14 பைட் கடிகாரத்துக்கு, மீதி 50 பைட்டில் கணினியின் அமைப்புகளை எழுதிவைத்தார்கள்.

சரி, சீமாஸ் எங்கே வந்தது? சீமாஸ் என்பது சில்லு செய்கிற ஒரு முறை. மிகக் குறைந்த மின்சாரத்தில் ஓடும், அதனால் ஒரு சின்ன பேட்டரியிலேயே வருடக்கணக்கில் தாக்குப்பிடிக்கும். அந்தக் காலத்துப் போர்டில் இப்படிப் பேட்டரியில் ஓடிய சீமாஸ் சில்லு அது ஒன்றுதான் என்பதால் செய்முறையின் பெயரே பொருளுக்குப் பெயராகிவிட்டது. இன்றைக்குச் செயலி, மெமரி எல்லாமே சீமாஸ் முறையில்தான் செய்கிறார்கள். பித்தளைச் செம்பு ஒன்றுக்குப் 'பித்தளை' என்று பெயர் வைத்தாயிற்று, இப்போது வீட்டில் எல்லாப் பாத்திரமும் பித்தளை. அந்தப் பெயரைச் சொன்னால் எதை எடுப்பது?

பயாஸ் என்பது அதைவிடத் தள்ளிப் போன பெயர். பயாஸ் என்பது கணினியை எழுப்புகிற ஒரு நிரல். அது ஃபிளாஷ் சில்லில் இருக்கிறது, பேட்டரி இல்லாமலே இருக்கும். பேட்டரியைக் கழற்றினால் நேரம் போகும், பழைய போர்டுகளில் நாம் மாற்றிவைத்த அமைப்புகளும் போகும். பயாஸ் போகாது. பயமில்லாமல் கழற்று. மின் இணைப்பை மட்டும் முதலில் பிடுங்கிவிடு.


மோல்மீன் வாத்தியார்

நல்ல இழை. நான் ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியன். அந்த ஆறரை மணியைப் பற்றி முதலில் ஒன்று. 97 பாகை 30 கலை கிழக்கு நெடுங்கோட்டின் நேரம் அது. பதினைந்து பாகைக்கு ஒரு மணி என்று வகுத்துப் பாருங்கள், சரியாக 6.30 வரும். அந்தக் கோடு எங்கள் ஊருக்கு மிக அருகில்தான் போகிறது. வகுப்பில் இதைச் சொன்னால் பிள்ளைகள் மறக்கமாட்டார்கள்.

கடைக்காரத் தம்பி தொடாத பெயர் ஒன்று இருக்கிறது. அந்தச் சில்லின் முறையான பெயர் ரியல் டைம் கிளாக், சுருக்கமாக ஆர்டிசி. தமிழில் அதை 'நிகழ்நேரக் கடிகாரம்' என்று எழுதுகிறார்கள். எனக்கு அதில் மனக்குறை உண்டு. நிகழ்நேரம் என்றால் நடக்கும்போதே, உடனுக்குடன் என்று பொருள் கொள்கிறோம். கிரிக்கெட் ஆட்டத்தை நிகழ்நேரத்தில் பார்க்கிறோம். போர்டில் இருக்கும் அந்தக் கடிகாரமோ நொடிக்குக் கீழே எதையும் சொல்லாது. அவசரமே இல்லாத கடிகாரம் அது.

பழைய மினிகணினிகளில் 'ரியல் டைம் கிளாக்' என்றால் வேறு பொருள் இருந்தது. டிஜிட்டல் நிறுவனத்தின் பிடிபி-11 கணினிக்கு அந்தப் பெயரில் ஒரு பலகை விற்றார்கள். அதற்குத் தேதி தெரியாது. குறித்த இடைவெளியில் செயலியைத் தட்டிக் கூப்பிடுவதுதான் அதன் வேலை. இன்னொரு எளிய பலகை, சுவரில் வரும் மின்சாரத்தின் 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் அலையையே பிடித்து அதே வேலையைச் செய்தது. ஆக, அன்றைய ரியல் டைம் கிளாக்கை இன்றைய பேச்சில் டைமர் என்போம். இன்றைய ரியல் டைம் கிளாக் ஒரு நாட்காட்டி. பெயர் மாறவில்லை, உள்ளே இருக்கும் பொருள் மாறிவிட்டது. பழைய கையேட்டையும் புதிய கையேட்டையும் பக்கத்தில் வைத்துப் படிக்கிற மாணவன் இங்கேதான் தடுக்கி விழுகிறான்.


சர்வர் அக்கா, யாங்கூன்

வாத்தியார் ஐயா சொன்னதோடு இன்னொரு குழப்பத்தையும் சேர்க்கிறேன். நிரல் எழுதுகிறவர்களுக்கு 'கிளாக் ரியல்டைம்' என்று ஒன்று உண்டு. யூனிக்ஸ் வகை அமைப்புகளில் நேரம் கேட்க அந்தப் பெயரைத்தான் கொடுப்போம். அது ஆர்டிசியைத் தொடவே தொடாது. இயங்குதளம் எண்ணி வைத்திருக்கும் நேரத்தைக் கொடுக்கும். புதிதாக வேலைக்கு வந்த ஒரு பெண் இரண்டு நாள் இதில் சிக்கி, "ஆர்டிசியை மாற்றினேன், நிரலில் நேரம் மாறவில்லையே" என்று கண்கலங்கி உட்கார்ந்திருந்தாள். அவள் செய்ததில் பிழை இல்லை. பெயர்தான் அவளைத் தவறான கதவுக்குக் கூட்டிப்போனது.

நடப்பது இதுதான். கணினி எழும்போது இயங்குதளம் போர்டுக் கடிகாரத்தை ஒரு முறை பார்த்துக்கொள்ளும். அதற்குப் பிறகு சொந்தமாக எண்ணத் தொடங்கும். எண்ணுவதற்குச் செயலிக்குள்ளேயே உள்ள டிஎஸ்சி என்ற எண்ணியைப் பெரும்பாலும் பயன்படுத்தும். இது 1993ல் பென்டியத்தோடு வந்தது. இல்லாவிட்டால் எச்பிஇடி டைமர், அதுவும் இல்லாவிட்டால் 3.579545 மெகாஹெர்ட்ஸ் ஏசிபிஐ டைமர். கடைக்கார அண்ணன் சொன்ன அதே தொலைக்காட்சி எண் இன்னும் உயிரோடு இருக்கிறது பாருங்கள். இணையம் இருந்தால் நேரச் சேவையகத்தோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ளும். லினக்ஸில் அப்படித் திருத்தம் நடக்கும்போது, பதினோரு நிமிடத்துக்கு ஒரு முறை அந்த நேரத்தைப் போர்டுக் கடிகாரத்தில் எழுதியும் வைக்கும். ஆக, ஓடும் கணினியில் இரண்டு நேரம் இருக்கிறது. இரண்டும் ஒன்றாக இருக்கவேண்டிய கட்டாயம் இல்லை.

என்னை அதிகம் தொல்லைப்படுத்திய சொல் 'சிஸ்டம் கிளாக்'. மென்பொருள் ஆட்கள் அதைச் சொன்னால் இயங்குதள நேரம். போர்டு வடிவமைக்கிறவர்கள் சொன்னால் துடிப்பு தரும் சில்லின் வெளியீடு. ஒரே மேசையில் உட்கார்ந்து இரண்டு பேரும் ஒரு மணி நேரம் பேசிவிட்டு, கடைசியில் இரண்டு வேறு பொருளைப் பேசிக்கொண்டிருந்தோம் என்று கண்டுபிடித்த நாள் எனக்கு நினைவிருக்கிறது.

லினக்ஸில் எச்டபிள்யூகிளாக் என்ற கருவியின் கையேடு இந்த விஷயத்தில் நேர்மையாக நடந்துகொள்கிறது. ஹார்ட்வேர் கிளாக், ஆர்டிசி, பயாஸ் கிளாக், சீமாஸ் கிளாக் என்று வழங்கும் பெயர்களை முதலிலேயே சொல்லிவிடுகிறது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் இதையே பர்சிஸ்டென்ட் கிளாக் என்று அழைப்பதையும் குறிப்பிடுகிறது.

அண்ணே, ஒரு கேள்வி. அந்த மாணவியின் கணினியில் லினக்ஸைத்தானே மாற்றினீர்கள்? நான் விண்டோஸை மாற்றச் சொல்வேன். விண்டோஸ் தன் அமைப்புகளை வைத்திருக்கும் ரெஜிஸ்ட்ரியில் 'ரியல்டைம்இஸ்யூனிவர்சல்' என்ற மதிப்பை 1 ஆக்கினால் அது போர்டில் இருப்பதைப் பொது நேரமாகவே படிக்கும். போர்டில் உள்ளூர் நேரம் வைத்தால் லினக்ஸே எச்சரிக்கை காட்டும்.


பழுதுக்கடை, யாங்கூன்

அக்கா, எச்சரிக்கை வந்தது, பார்த்தேன். கோடைகாலத்தில் மணியைத் தள்ளிவைக்கிற நாடுகளில் அது பெரிய தலைவலி. நம் நாட்டில் அந்த வழக்கம் இல்லை. வீட்டில் அப்பாவும் தம்பியும் விண்டோஸ் மட்டும் பயன்படுத்துகிறார்கள், அதன் ரெஜிஸ்ட்ரியில் கைவைக்க எனக்கு மனம் வரவில்லை. ஆனால் வெளிநாடு போகிற மாணவர் என்றால் நீங்கள் சொல்கிற வழிதான் சரி. வகுப்பில் இரண்டையும் சொல்லிவிடுகிறேன்.


மாண்டலே மெக்கானிக்

கோபித்துக்கொள்ள வேண்டாம். நான் பதினைந்து வருடமாக போர்டு பார்க்கிறேன். வருகிறவர் "கிளாக் போச்சு" என்பார், நான் திறந்து பார்த்து என்ன என்று கண்டுபிடிப்பேன். சொல் எப்படி இருந்தால் என்ன? மருத்துவரிடம் போய் "வயிறு சரியில்லை" என்கிறோம். எந்தக் குடல் என்று நோயாளியா சொல்கிறான்? பெயர் வைக்கிற நேரத்தில் பையன்களுக்கு சால்டரிங் சொல்லிக்கொடுத்தால் பிழைத்துக்கொள்வார்கள். சிறுசுகளுக்கு இத்தனை பெயரைத் திணித்தால் பயந்து ஓடிவிடுவார்கள் என்பதுதான் என் கவலை.


பழுதுக்கடை, யாங்கூன்

அண்ணே, உங்கள் அனுபவத்துக்கு முன்னால் நான் சின்னவன். வாடிக்கையாளர் எப்படிச் சொன்னாலும் சரிதான், அதில் எனக்கும் உங்களுக்கும் வேற்றுமை இல்லை. நான் கவலைப்படுவது மருத்துவர் பக்கத்தைப் பற்றி. நோயாளி வயிறு என்பார், மருத்துவர் சீட்டில் 'வயிறு' என்று எழுதி அறுவைக்கு அனுப்பினால்? அந்த அப்பாவின் கையில் இருந்த விலைச்சீட்டில் அப்படித்தான் எழுதியிருந்தது. 'கிளாக் பழுது.' அவ்வளவுதான். அதை எடுத்துக்கொண்டு அவர் இன்னொரு கடைக்குப் போனால் அங்கே என்ன புரியும்?

உண்மையில் துடிப்பு போயிருந்தால் அந்தக் கணினி எழுந்தே இருக்காது. திரை இருட்டாகக் கிடக்கும். நேரம் தப்பாகக் காட்டுகிற அளவுக்கு எழுந்து நிற்கிறது என்றாலே துடிப்பு நன்றாக இருக்கிறது என்று பொருள். இந்த ஒன்றைப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதிப் போர்டுகள் குப்பைக்குப் போகாது. சால்டரிங்கும் சொல்லிக்கொடுக்கிறேன் அண்ணே, நிச்சயமாக.


பெகுக்காரி

இதுவரை வாசித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் தட்டச்சும் ஜெராக்ஸும் போட்டுக் கொடுக்கிறோம், இரண்டு கணினி. என் தங்கை யாங்கூனிலேயே நல்ல மின்சாரம் வருகிற இடத்தில் இருக்கிறாள். நாங்கள் இருவரும் ஒரே நாளில் வாங்கிய ஒரே மாதிரிக் கணினி. அவளுடையதில் செல் இன்னும் அப்படியே இருக்கிறது. எனக்கு இரண்டு முறை மாற்றியாகிவிட்டது. மலிவுச் செல் கொடுத்து ஏமாற்றுகிறார்கள் என்று ரொம்ப நாள் கோபமாக இருந்தேன்.

அப்புறம்தான் ஒருவர் விளக்கினார். கணினி அணைந்திருந்தாலும் ப்ளக் சொருகி மின்சாரம் வந்துகொண்டிருந்தால், பவர் சப்ளை ஒரு சின்ன காத்திருப்பு மின்சாரத்தைப் போர்டுக்குக் கொடுத்துக்கொண்டே இருக்குமாம். அந்தக் கடிகாரம் அதில் ஓடும், செல்லைத் தொடாது. மீபியெ, அதாவது மின்வெட்டு, ஆனால்தான் செல்லின் முறை. எங்களுக்கு மீபியெ இல்லாத நேரத்தை எண்ணுவது சுலபம். தெருவே "மீலாபியி" (மின்சாரம் வந்துவிட்டது) என்று கத்துகிற நேரம் போக மீதி நேரம் முழுவதும் அந்தச் செல்தான் உழைக்கிறது. பாவம், அதைப் போய்க் குறை சொல்லியிருக்கிறேன்.

பெயர் கேட்டீர்கள் அல்லவா? கோயிலில் அணையா விளக்கு இருக்கிறது. சன்னதி சாத்தியிருந்தாலும் அது எரியும், யாராவது எண்ணெய் விட்டுக்கொண்டே இருப்பார்கள். இதுவும் அப்படித்தானே? கணினி உறங்கினாலும் இது ஓடுகிறது, மின்சாரமோ செல்லோ மாறி மாறி ஊட்டுகிறது. 'அணையாக் கடிகாரம்' என்று சொன்னால் என் அம்மாவுக்குக்கூடப் புரியும்.


சர்வர் அக்கா, யாங்கூன்

பெகு அக்கா, இதைவிட நல்ல பெயரை நான் கேட்டதில்லை. கெர்னலின் பர்சிஸ்டென்ட் கிளாக் என்ற பெயரும் இதே கருத்துதான், விடாமல் நிலைத்திருப்பது என்று பொருள்.

செல் கணக்கையும் போட்டுப் பார்த்தேன். சிஆர்2032 செல்லின் கொள்ளளவு சுமார் 220 மில்லிஆம்பியர் மணி. கடிகாரம் 4 மைக்ரோஆம்பியர் இழுக்கிறது என்று வைத்துக்கொண்டால் 55,000 மணி நேரம். மின்சாரமே இல்லாமல் செல்லிலேயே ஓடினால் ஆறு ஆண்டுக்குச் சற்று மேல். போர்டில் வேறு கசிவு இருந்தால், பெட்டிக்குள் வெக்கை அதிகமிருந்தால் சீக்கிரமே தீரும். செல்லின் பெயரில் மட்டும் குழப்பமே இல்லை என்பதைக் கவனியுங்கள். 20 மில்லிமீட்டர் குறுக்களவு, 3.2 மில்லிமீட்டர் தடிமன், அதுதான் 2032. பெயரைக் கேட்டாலே அளவு தெரிகிறது.


மோல்மீன் வாத்தியார்

அணையாக் கடிகாரம். மிக நன்று அம்மா. நான் நாள் முழுக்க 'நாட்காட்டிக் கடிகாரம்', 'மின்கலக் கடிகாரம்' என்று எழுதி எழுதி அடித்துக்கொண்டிருந்தேன். மின்கலம் என்று பெயரில் வைத்தால் தனிச் செல்லே இல்லாத மடிக்கணினிகளுக்குப் பொருந்தாது. சிலவற்றில் பெரிய பேட்டரியே இதையும் ஊட்டுகிறது. உங்கள் பெயர் எல்லாவற்றுக்கும் பொருந்தும். ஒரு வேண்டுகோள், பக்கத்தில் ஆர்டிசி என்பதையும் எழுதுங்கள். போர்டிலும் கையேட்டிலும் அதுதான் அச்சாகியிருக்கும், பிள்ளைகள் அதைப் பார்த்து மிரளக் கூடாது.

நம் ஊர் மொழியையும் கவனியுங்கள். பர்மிய மொழியில் 'நாயி' என்றால் மணி நேரமும் அதுதான், கடிகாரமும் அதுதான். அந்தச் சொல் பாலி வழியாக வந்தது, நம் நாழிகையின் உறவு. தமிழில் 'மணி' என்றாலும் அடிக்கிற மணி, பொழுதின் மணி இரண்டும் உண்டு. ஒரு சொல் பல பொருள் தாங்குவது எந்த மொழிக்கும் புதிதல்ல. பேச்சில் இடம் பார்த்துப் புரிந்துகொள்கிறோம். பட்டறையில் இடமே ஒன்றாக இருக்கிறது, எல்லாம் ஒரே போர்டின் மேல் கிடக்கின்றன. அதனால்தான் அங்கே தனித்தனிச் சொல் தேவைப்படுகிறது.

இன்னொரு பொருளுக்கும் 'கிளாக் பழுது' என்று பழி விழுகிறது. அந்த 32,768 ஹெர்ட்ஸ் படிகம் இசைக்கவை வடிவில் வெட்டப்பட்டது. சுமார் 25 பாகை செல்சியஸில்தான் அதன் வேகம் சரியாக இருக்கும். அதைவிடச் சூடானாலும் குளிர்ந்தாலும் மெதுவாகத்தான் போகும், ஒருபோதும் விரையாது. வேறுபாட்டின் வர்க்கத்தைப் பொறுத்துத் தாமதம் கூடும். ஏப்ரல் மாதத்தில் பெட்டிக்குள் 45 பாகை என்று வைத்துக்கொள்ளுங்கள். இருபது பாகை வேறுபாடு, பத்து லட்சத்தில் சுமார் 14 பங்கு தாமதம், நாளுக்கு 1.2 நொடி. அதற்கு மேல் படிகத்துக்கே பத்து லட்சத்தில் 20 பங்கு பிழையை அனுமதித்துத்தான் விற்கிறார்கள். மாதம் ஒரு நிமிடத்துக்கும் மேல் பிந்தினால்கூட எதுவும் கெடவில்லை. இதற்குப் பெயர் நகர்வு. பழுது என்று எழுதக் கூடாது.


மாண்டலே மெக்கானிக்

நேற்று எழுதியதைக் கொஞ்சம் மாற்றிக்கொள்கிறேன். இன்று காலை ஒரு பையன் மெமரியைத் திருப்பிக் கொண்டுவந்தான். "3200 மெகாஹெர்ட்ஸ் என்று விற்றீர்கள், நிரலில் பார்த்தால் கிளாக் 1600 என்று காட்டுகிறது, போலியைக் கொடுத்துவிட்டீர்கள்" என்று சண்டை. கடையில் நாலு பேர் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அவன் பார்த்ததும் சரி, நான் விற்றதும் சரி. டிடிஆர் மெமரி ஒரு துடிப்பில் இரண்டு முறை தகவல் அனுப்பும், ஏறும்போது ஒன்று, இறங்கும்போது ஒன்று. 1600 மெகாஹெர்ட்ஸ் துடிப்பில் நொடிக்கு 3200 மில்லியன் பரிமாற்றம். பெட்டியிலும் விலைப்பட்டியலிலும் நாம்தான் 3200 மெகாஹெர்ட்ஸ் என்று எழுதிவைத்திருக்கிறோம். அந்தப் பையன் நம்பும்படி விளக்க அரை மணி நேரம் ஆயிற்று. மாலை உட்கார்ந்து பட்டியல் முழுவதையும் திருத்தி எழுதினேன்.

அப்படியே இன்னொன்றையும் சேருங்கள். 'கிளாக் ஸ்பீடு' என்று செயலிக்குச் சொல்கிறோம். அது வேகம் இல்லை, அலைவெண். 100 மெகாஹெர்ட்ஸ் அடித்துடிப்பை 36 மடங்காக்கினால் 3.6 கிகாஹெர்ட்ஸ். ஒரு துடிப்பில் எவ்வளவு வேலை முடிகிறது என்பது செயலிக்குச் செயலி வேறு. பழைய 3.6ஐ வைத்துக்கொண்டு புதிய 3.0ஐ வேண்டாம் என்றவர்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள்! புது பேட்டரி போட்டால் கிளாக் ஸ்பீடு ஏறுமா என்று கேட்டவரும் உண்டு. அப்போது நான் இல்லை என்று மட்டும் சொல்லி அனுப்பிவிட்டேன். உட்காரவைத்து விளக்கியிருக்க வேண்டும்.


டல்லா தம்பி

எனக்கும் ஒன்று இப்போதுதான் விளங்குகிறது. டியூஷன் வகுப்புக்கு ராஸ்பெர்ரி பை 4 என்ற சின்னக் கணினிப் பலகையை வைத்து மணி அடிக்கிற பெட்டி ஒன்று செய்திருந்தேன். மின்சாரம் போய் வந்தால் மணி தப்பான நேரத்தில் அடிக்கும். என் நிரலில்தான் பிழை என்று பத்து முறை திருத்தினேன். அந்தப் பலகையில் அணையாக் கடிகாரமே இல்லையாம்! கடைசியாகக் கோப்பில் எழுதிவைத்த நேரத்திலிருந்துதான் மறுபடி எண்ணத் தொடங்குகிறது. மூன்று மணி நேரம் மின்சாரம் இல்லாவிட்டால் மூன்று மணி நேரம் பின்னால். இணையம் கிடைத்தால்தான் சரியாகும், எங்கள் வகுப்பில் இணையம் இல்லை. அதைச் செய்கிற நிரலின் பெயர் ஃபேக் எச்டபிள்யூகிளாக், போலி என்று பெயரிலேயே சொல்லிவிட்டார்கள். நான்தான் கவனிக்கவில்லை.


சர்வர் அக்கா, யாங்கூன்

தம்பி, டிஎஸ்3231 என்று சின்னக் கடிகாரப் பலகை கிடைக்கும், வாங்கிச் சேர்த்துவிடு. வாத்தியார் ஐயா சொன்ன வெக்கைப் பிழையை அது தானே அளந்து திருத்திக்கொள்ளும், பத்து லட்சத்தில் 2 பங்குக்குள் நிற்கும். பை 5 என்றால் கடிகாரம் பலகையிலேயே இருக்கிறது, செல் மட்டும் தனியாக மாட்ட வேண்டும்.


பழுதுக்கடை, யாங்கூன்

எல்லோருக்கும் நன்றி. ஞாயிறு வகுப்புக்கு எழுதிக்கொண்டது இது. தேதி காப்பது அணையாக் கடிகாரம், பக்கத்தில் ஆர்டிசி. ஓடும் கணினி எண்ணுவது இயங்குதள நேரம். சிஸ்டம் கிளாக் என்ற சொல்லை என் கடையில் இனி எழுதப்போவதில்லை. போர்டை நடத்துவது துடிப்பு, அதன் எண்ணிக்கை அலைவெண். இடைவெளி பார்த்துத் தட்டுவது டைமர், அதற்குத் தமிழ்ச் சொல் தேடவில்லை, எல்லோருக்கும் புரிகிறது. 'சீமாஸ் பேட்டரி' என்று கேட்டு வருகிறவரைத் திருத்தப்போவதில்லை, கடைச் சீட்டில் மட்டும் 2032 செல் என்று எழுதுவேன்.

சீட்டில் இன்னும் இரண்டு வரி சேர்த்திருக்கிறேன். 'நேரம் எவ்வளவு தள்ளிப் போகிறது? ஒவ்வொரு முறையும் அதே அளவா?' வேலைக்கு நிற்கிற பையன்கள் இதைக் கேட்டு எழுதிய பிறகுதான் பெட்டியைத் திறக்க வேண்டும். அந்த மாணவி வகுப்புக்கு வருகிறேன் என்று சொல்லியிருக்கிறார். ஆறரை மணிக் கதையை அவரையே சொல்லச் சொல்லியிருக்கிறேன்.


டல்லா தம்பி

அண்ணே, நேற்று என் மேசைக் கணினியின் செல்லைக் கழற்றி மீட்டரில் வைத்தேன். 2.4 வோல்ட். புதுச் செல் 3.2 காட்டியது. மாற்றிவிட்டு ப்ளக்கைப் பிடுங்கி இரவு முழுக்க அப்படியே விட்டேன். காலையில் திறந்து இணையம் இல்லாமலே போனோடு ஒப்பிட்டேன், ஒரு நொடிகூட வித்தியாசம் தெரியவில்லை. பயாஸும் அழியவில்லை. செல்லுக்குப் பக்கத்தில் சின்ன வெள்ளிக் குழாய் மாதிரி ஒன்று இருக்கிறது, அரிசி மணியைவிடக் கொஞ்சம் பெரிது. அதுதான் அந்த 32,768 படிகமா? ஞாயிற்றுக்கிழமை போர்டைக் கொண்டுவருகிறேன்.


பழுதுக்கடை, யாங்கூன்

அதேதான். பூதக்கண்ணாடி என்னிடம் இருக்கிறது, நீ போர்டை மட்டும் கொண்டு வா.